அவன் மூச்செடுக்கிற இடம்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்றை இஸ்திரி மெஷினுக்குள் கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி, ஒரே நேரத்தில் சூடான உருளைக்கு அடியில் விட வேண்டும். ஒருவர் பிந்தினால் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருண்டு நின்றுவிடும். கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அந்த லோன்றியில், சலவைத் தொழிற்சாலையில், பதினோரு வருடமாக நான் இடப்பக்க மூலையைப் பிடித்து வருகிறேன். வலப்பக்க மூலைக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள். எல்லாரும் கதைக்கிறவர்கள். எனக்குக் கதை வராது. பள்ளிக்கூடத்தில் எழுப்பி வாசிக்கச் சொன்னாலே தொண்டை அடைத்துவிடும். ஓ.எல். சோதனையோடு படிப்பை விட்டதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் வலப்பக்கத்துக்கு ஒரு மங்கோலியாக்காரர் வந்தார். என்னைப் போல ஐம்பது தாண்டியவர். ஆங்கிலமும் என்னுடையதைப் போலவே, வேலைக்குத் தேவையான சொற்கள் மட்டும். ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் காலை மெஷினின் இரைச்சலுக்குள் இன்னொரு இரைச்சல் கேட்டது. பாரமான ஒன்றைத் தூக்கும்போது தொண்டைக்குள் வரும் முனகல் போல, ஆனால் நிற்காமல், ஒரே சுருதியில். பெல்ட் ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கக் கையை நீட்டினேன். அவர் தலையை ஆட்டித் தடுத்தார். சத்தம் அவரிடமிருந்துதான் வந்தது. அந்த முனகலுக்கு மேலே, கண்ணாடிக் கிளாஸின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்தால் வருமே, அப்படி ஒரு மெல்லிய சீழ்க்கை எழுந்தது. முனகல் நின்ற இடத்திலேயே நிற்க, சீழ்க்கை மட்டும் ஏறி இறங்கி ஒரு மெட்டாகப் போனது. சீழ்க்கை அடிக்கிறவர் யார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் இருவரையும் தவிர அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை.

விரிப்பு உருளைக்குள் போன பிறகு அவர் ஒரு விரலைக் காட்டினார். “ஆள் ஒன்று.” பிறகு இரண்டு விரல். “குரல் இரண்டு.”

உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொன்னவற்றை நான் இங்கே நேராக்கி எழுதுகிறேன். அவர்களுடைய இடத்தில் இதை ஆற்றுக்கும் மலைக்கும் பாடுவார்களாம். “இங்கே எனக்கு மலை கிடைக்கவில்லை. மெஷின் கிடைத்தது” என்று உருளையைத் தட்டினார். வீட்டில் பாடினால், “கேத்தல் கொதிக்குது, போய் நிப்பாட்டு” என்று மனைவி கேலி செய்வாராம்.

எனக்கும் காட்டித் தரச் சொல்லி நான் கேட்டது எப்படி என்று இன்றைக்கும் விளங்கவில்லை. நான் எவரிடமும் எதையும் கேட்கிற ஆளில்லை. சொல் இல்லாத பாட்டு என்பதால் துணிச்சல் வந்திருக்கலாம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் காருக்குள் வந்து இருந்துகொண்டு காட்டினார். முதலில் தொண்டையை இறுக்கிக் கீழ்ச் சுருதியைப் பிடிக்க வேண்டும். பிறகு ‘ள்’ சொல்லப்போகிறவன் மாதிரி நாக்கை மேலே மடித்து, உதட்டைக் குவித்து, வாய்க்குள் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். கீழ்க்குரலுக்குள் ஏற்கெனவே மேற்குரல் இருக்கிறதாம். நாம் செய்வது அதை வெளியே விடுவது மட்டும்தானாம். “நீ பாடவில்லை, அனுமதி கேட்கிறாய்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு மாதம் எனக்குக் காற்றும் இருமலும்தான் வந்தன. பாடுவதை ஃபோனில் பதிந்து கேட்டுப் பார்க்கச் சொன்னார். பதிந்தேன். கேட்கச் சகிக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு மதியம், அவர் உள்ளே போன பிறகு, நான் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தனியே பிடித்துப் பார்த்தேன். நாக்கு எங்கேயோ சரியாக ஒட்டியது. முனகலுக்கு மேலே அது எழுந்தது. மெல்லியது, உடையாத குரல், பத்துப் பதினொரு வயது.

கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அது தம்பியின் குரல்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். தவக்காலம் வந்தால் ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லிப் புலம்பும் பசான் பாட்டுகளைக் கோயிலில் வரிசையாக நின்று பாடுவோம். எனக்குக் குரல் உடைந்த வருடம் தம்பிக்கு உடையவில்லை. நான் கீழே பிடிப்பேன், அவன் மேலே எடுப்பான். கூட்டத்தோடு பாடினால் எனக்குத் தொண்டை அடைக்காது. அக்கா எங்களுக்குப் பின்னால் நிற்பார். அவனுக்கு நெஞ்சில் காற்றுக் காணாது. நீளமான வரியில் எல்லாரும் ஒரே மூச்சில் போகும்போது அவன் மட்டும் நடுவில் ஓரிடத்தில் நின்று, ‘ஹக்’ என்று மூச்செடுத்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொள்வான். அக்கா பின்னாலிருந்து அவன் முதுகில் இரு விரலால் நுள்ளுவார். அடுத்த நாளும் அவன் அதே இடத்தில்தான் மூச்செடுப்பான்.

போரின் கடைசி நாள்களில் அவன் அக்காவோடு இருந்தான். நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். இளைஞர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று இராணுவத்தார் ஒரு பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். அவன் தயங்கினான். “ஏறு, பதிஞ்சுபோட்டு வா” என்று சொன்னது அக்கா. அந்தப் பஸ்ஸில் போனவர்களைப் பற்றிப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. பதினைந்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அக்காவின் கணவர், எங்கள் அத்தான், அதற்கு முன்பே செத்துப்போனார். அக்காவும் அவர் மகளும் கனடாவுக்கு வந்து, மகள் படித்து, வேலை எடுத்து, பிக்கரிங்கில் ஒரு பழைய வீடு வாங்கினாள். அதன் பேஸ்மென்டில் நான் இருக்கிறேன்.

ஒவ்வொரு ஒக்ரோபரிலும் கோயிலில் ஒரு கடித உறை தருவார்கள். நவம்பரில் வரும் மரித்தவர்களின் திருநாளுக்கு, எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். பூசையில் அந்தப் பெயர்களை வாசிப்பார்கள். அக்கா ஒவ்வொரு வருடமும் மூன்று பெயர் எழுதுவார், அப்பா, அம்மா, அத்தான். நான்காவது கோடு வெறுமையாகவே போகும். தம்பியின் பிறந்த நாளுக்கும் அவர் பூசை ஒப்புக்கொடுப்பார், ஆனால் சுகம் வேண்டி, உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்புக்கொடுக்கும் பூசை. ஒரு வருடம் அக்காவின் மகள், என் மருமகள், வாயைத் திறந்து, “அம்மா, ஒருவேளை மாமா இல்லையெண்டா…” என்று தொடங்கினாள். அக்கா கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அறைக்குள் போனார். அன்று பொரித்த மீனை நானும் மருமகளும் மட்டும் சாப்பிட்டோம். அதன் பிறகு எவரும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

நான் என்ன நினைத்தேன் என்று என்னிடம் எவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை.

குளிர் வந்ததும் காருக்குள் இருந்து பாட முடியவில்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் போட்டுவிட்டார்கள். முதல் நாள் வருமே, அந்தக் கருகின தூசி மணத்தோடு அது ஓடத் தொடங்கியது. என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் ஃபர்னஸ் நிற்கிறது. அதன் இரைச்சலும் லோன்றி மெஷின் போலவே ஒரே சுருதி. வேலை மூன்று மணிக்கு முடியும். நான்கு மணிக்கெல்லாம் வீட்டில் நிற்பேன். டவுன்ரவுனில் வேலை செய்யும் மருமகள் ரெயினில் வந்து சேர ஆறரை ஆகும். அக்கா தன் அறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். ஃபர்னஸ் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்து, அதன் சுருதியைப் பிடித்து நான் பாடுவேன். எவருக்கும் கேட்காது என்று நம்பினேன்.

எல்லா மெட்டும் இந்தப் பாட்டுக்குள் வராது. ஏணியில் சில படிகள் இல்லாத மாதிரி, சில சுரங்கள் கிடைக்கவே கிடைக்காது. இருக்கிற படிகளில் கால் வைத்துப் போகக்கூடியதாக எனக்குத் தெரிந்த மெட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பசானின் அந்த நீளமான வரி. நான் அதைத் தேடிப் போகவில்லை. நாக்கு போன வழியில் அது இருந்தது. அந்த வாரம் ஒவ்வொரு பின்னேரமும் அவன் குரலைக் கேட்பதற்காகவே நான் விரைவாக வீட்டுக்கு வரத் தொடங்கினேன். பாடி முடித்ததும், பிழையான வேலை ஒன்றைச் செய்கிறவன் போல அறைக் கதவைப் பார்ப்பேன்.

அந்த வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மேலே போனேன். அக்கா மேசையில் இருந்தார். முன்னால் அந்த உறை. மருமகள் லப்ரொப்பை மூடிவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இரு தம்பி” என்றார் அக்கா. “சின்னவன் வந்தவன்.”

அவனை நாங்கள் சின்னவன் என்றுதான் சொல்வோம். கதிரையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்: “எங்கை?”

“என்ரை அறைக்கு. மூண்டு நாளா வாறான். நான் செபமாலை சொல்லேக்கை பாடுறான். பசான்.”

“அம்மா, இது ஓல்ட் ஹவுஸ். பைப் சத்தம் போடும். ஐ வில் கோல் சம்படி” என்றாள் மருமகள்.

“பைப் பசான் பாடுமோ? சூட்டுக்காத்து வாற அந்த வென்டுக்குள்ளாலை வருது பிள்ளை. சின்னனிலை பாடின அதே குரல். அவன் மூச்செடுக்கிற இடத்திலை மூச்செடுக்கிறான்.”

“உயிரோடை எங்கையோ இருந்து உங்களை நினைக்கிறாரோ தெரியாது” என்று மருமகள் மெதுவாகச் சொன்னாள்.

“உயிரோடை இருக்கிறவன் ஏனடி வென்டுக்குள்ளாலை வாறான்? கோல் எடுப்பான்.”

மருமகளுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாக மாறியது. அக்கா அழவில்லை.

“மோட்சத்துக்குப் போகேலாமல் உத்தரிக்கிற ஸ்தலத்திலை நிண்டு மன்றாட்டுக் கேக்கிறான். ஒரு பூசை கூட அவன்ரை ஆத்துமாவுக்கு எண்டு நான் ஒப்புக்குடுக்கேல்லை. இவ்வளவு காலமும் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறான்.”

உறையை என் பக்கம் தள்ளினார். நான்காவது கோட்டில் அவன் பெயர் இருந்தது. மற்ற மூன்றையும் விடப் பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே வழிந்து.

“வேலைக்குப் போற வழியிலை கோயில் பெட்டிக்குள்ளை போட்டுவிடு. ஞாயிறுதான் கடைசி நாள்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு முழங்கால் வருத்தம், படி ஏற முடியாது. அதனால் தரைத்தளத்தில், என் அறைக்கு நேர் மேலே அவருக்கு அறை போட்டிருந்தோம். ஃபர்னஸிலிருந்து போகும் தகரக் குழாய் முதலில் திறப்பது அவர் கட்டிலடியில். என் கீழ்க்குரல் ஃபர்னஸ் இரைச்சலோடு கரைந்துவிட, மேற்குரல் மட்டும் தனியே மேலே போயிருக்கிறது.

“அது நான்தான் அக்கா” என்று சொல்ல வேண்டிய நேரம் அது. உறையை எடுத்து ஜக்கெற் பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் காரை நிறுத்தினேன். பெட்டி கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒரு பொய்யை வைத்து அவனைச் சாகடிக்கப் போகிறேன் என்ற நினைப்பில் கை கதவைத் திறக்கவில்லை. போடாமல் விட்டால், அவன் அங்கே நின்று மன்றாட்டுக் கேட்கிறான் என்ற நினைப்போடு அக்கா இன்னொரு வருடம் இருக்க வேண்டும். இரண்டும் என்னால் வந்தது. உறையோடு வேலைக்குப் போனேன்.

அன்று பின்னேரம் நான் பாடவில்லை. சாப்பாட்டு மேசையில் அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “பாத்தியே, பேரை எழுதின உடனை நிண்டிட்டுது. அவனுக்கு அவ்வளவும் காணும்.” அவர் முகத்தில் நான் பல வருடமாகக் காணாத ஒரு தளர்வு இருந்தது. நான் பாடாமல் இருந்ததும் ஒரு பொய்யாகிவிட்டது.

மங்கோலியாக்காரரிடம் அன்று மதியமே, மெஷினில் நின்றபடி, எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். தெரிந்த சொற்களை வைத்து, கையால் குழாய் வரைந்து, மேலே அக்கா, கீழே நான் என்று காட்டினேன். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அடுத்த விரிப்பின் மூலையை எடுத்து உதறினார். அது உருளைக்குள் முழுதும் போன பிறகு, “உன் அக்காவுக்கு நல்ல காது” என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை மருமகள் ஜிம்முக்குப் போய்விட்டாள். அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஜக்கெற்றைக் கழற்றாமலே அவருக்கு முன்னால் போய் நின்றேன். ஃபோனை மேசையில் வைத்து, பேஸ்மென்டில் பதிந்ததைப் போட்டேன். ஃபர்னஸ் இரைச்சல், அதற்குள் என் முனகல், மேலே அந்தக் குரல்.

அக்காவின் கை நின்றது.

“இது நான் அக்கா. வேலையிலை ஒருத்தர் காட்டித் தந்தவர். ஒரு ஆளே ரெண்டு குரலிலை பாடுறது. நான்தான் கீழை இருந்து பாடினனான். உங்களுக்குக் கேக்குமெண்டு எனக்குத் தெரியாது.”

வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு கதைத்தது அன்றுதான்.

“நீயோ?”

“ஓம்.”

“நீ பள்ளிக்கூடத்திலை பேர் கேட்டாலே அழுகிறவன். நீ பாடினனியோ?”

“ஓம் அக்கா.”

“பிறகேன் வியாழக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தனி? என்னை விசரியாக்கிப் பாத்துக்கொண்டிருந்தனியோ?” கத்தியை மேசையில் வைத்தார். “அவன்ரை பேரை அந்தக் கோட்டிலை எழுத எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு உனக்குத் தெரியுமோ? ஏறெண்டு சொன்னவள் நான். நீயில்லை.”

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பைக்குள் இருந்த உறையை எடுத்து மேசையில் வைத்தேன். மூலை மடங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

“இன்னும் போடேல்லை.”

“இல்லை.”

ஃபோனை விரலால் தட்டினார். “திருப்பிப் போடு” என்றார். போட்டேன். முடிந்ததும், “இன்னொருக்கா.” மூன்றாம் முறை ஃபோனைக் கையில் எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

“குரல் அவன்ரைதான்” என்றார். “ஆனா இதிலை நீ மூச்செடுக்கேல்லை.”

“இந்தப் பாட்டுக்கு வரி முடிஞ்சுதான் மூச்செடுக்கிறது. நடுவிலை எடுத்தா ரெண்டு குரலும் அறுந்துபோம்.”

“நான் கேட்டதிலை எடுத்தவன்.”

“அக்கா…”

“மூண்டு நாளும் அந்த இடத்திலை எடுத்தவன். என்ரை கை நுள்ளப் போனது. எனக்குத் தெரியாதே?” ஃபோனைத் திருப்பித் தந்தார். “பஸ்ஸிலை ஏறேக்கையும் அப்பிடித்தான். முதல் படியிலை காலை வைச்சிட்டு நிண்டு ஒருக்கா மூச்செடுத்தவன். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிஞ்சது. பிறகு ஏறினவன்.”

இதை அவர் இதற்கு முன் எவருக்கும் சொல்லவில்லை.

நான் பதிந்தவை எல்லாவற்றையும் அன்று பின்னேரம் காருக்குள் இருந்து கேட்டேன். அந்த மூன்று நாளும் பதிந்தவையோடு மொத்தம் ஒன்பது. ஒன்றிலும் நான் நடுவில் மூச்செடுக்கவில்லை. அக்காவுக்குப் பழக்கத்தில் கேட்டிருக்கும் என்று என் புத்தி சொல்கிறது. ஃபர்னஸ் ஒரு கணம் இடறியிருக்கலாம். குழாய்த் தகரம் சூட்டில் விரிந்து சொடுக்கியிருக்கலாம். மூன்று நாளும், அதே இடத்திலா என்பதற்கு என் புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

அன்று காலை குசினியில், ஃபோனைத் தந்த பிறகு, அக்கா பேனாவை எடுத்தார். பெயரை வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். மடங்கியிருந்த மூலையைப் பேனாவின் பின்பக்கத்தால் தேய்த்து நேராக்கினார். எச்சில் தொட்டு உறையை ஒட்டினார்.

“கொண்டுபோய்ப் போடு. இப்பவே போ. உன்ரை பாட்டுக்காக இல்லை.”

போய்ப் போட்டேன். உறை பெட்டியின் அடியில் விழுந்த சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.

மரித்தவர்களின் திருநாள் பூசையில் பெயர்களை வாசிக்க நெடுநேரம் பிடித்தது. இரண்டு பேர் மாறி மாறி வாசித்தார்கள். அப்பா, அம்மா, அத்தான் என்று எங்கள் வீட்டுப் பெயர்கள் வந்தன. நான்காவது பெயரை வாசித்தபோது மருமகள் அக்காவின் கையைப் பிடித்தாள். வாசித்தவர் அடுத்த குடும்பத்துக்குப் போய்விட்டார். வேறு எதுவும் நடக்கவில்லை. வரும் வழியில், ஹீற்றரைக் குறைக்கச் சொன்னார் அக்கா.

அடுத்த நாள் பின்னேரம் நான் கட்டிலில் இருந்தேன். தலைக்கு மேலே குழாய்க்குள் இருந்து குரல் வந்தது. கட்டிலை விட்டு எழுந்துவிட்டேன்.

“தம்பி. கேக்குதோ?”

அக்கா. வென்டுக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறார். அந்த முழங்காலோடு.

“கேக்குது அக்கா.”

“இண்டைக்குப் பாடேல்லையோ?”

“இனிப் பாட மாட்டன்.”

“பாடு.” வென்டுத் தகரத்தை விரலால் தட்டும் சத்தம். “ஆனா அந்த இடத்திலை மூச்செடுத்துப் பாடு.”

ஃபர்னஸ் ஓடத் தொடங்கும்வரை காத்திருந்தேன். சுருதியைப் பிடித்து, நாக்கை மடித்து, அவனை மேலே எடுத்தேன். நீளமான வரி. அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். நான் பயந்தபடி இரண்டு குரலும் அறுந்துபோயின. அந்த நேரம் பார்த்து ஃபர்னஸும் நின்றது. வீடு முழுதும் ஒரு சத்தமும் இல்லை. நான் இன்னும் மூச்செடுக்கவில்லை. குழாய்க்குள், மிகக் கிட்டத்தில், எவரோ ‘ஹக்’ என்று மூச்செடுத்தது கேட்டது.

அது அக்காதான் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, ஓடிப்போய், மிச்ச வரியோடு சேர்ந்துகொண்டேன்.